ஈஸ்டர் வரை வாய்மூடிய மனசாட்சி

காலை 9.10. மைசூர் லஷ்கர் மொகல்லாவில் ஒரு மாடியில் இயங்கும் இணையச் செய்தித் தளத்தில் சில்வியாவின் பெயர் காணாமல் போயிருந்தது. அவள் ஐந்து வருஷம் எழுதிய அரசியல் பக்கத்தின் தலையில் சக நிருபர் கார்லின் படம் சிரித்துக்கொண்டிருந்தது.

ஆசிரியர் தருண்குமார் கையை விரித்தார். "நான் என்ன மாடறது, என்ன செய்யிறது? வாசகருங்களுக்கு உன்னைப் பிடிக்கலை. கமெண்ட்டைப் பாரு."

பார்க்க என்ன இருக்கிறது? 'மைசூர் மனசாட்சி' என்றொரு ஆசாமி தினமும் வந்து கடித்துவிட்டுப் போவான். 'அழகா எழுதுறீங்க. யார் எழுதிக் கொடுக்கிறாங்க?' கீழே நூறு பேர் ஒத்து ஊதுவார்கள். நேற்று, அவள் கட்சிக்காரர்களிடம் விலைபோனவள் என்றே போட்டுவிட்டான். சில்வியா சைபர் போலீசுக்குப் போன் செய்தாள்.

11.30. எஸ்.ஐ. எலியேசர் வந்தார். ஒரு வருஷக் கமெண்ட் எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தார்.

"பக்கம் உங்களுக்குக் கிடைச்சிருக்கு, கார்ல்."

"நான் கேக்கவே இல்ல சார்!"

அங்கேயே வேலை பார்க்கும் சில்வியாவின் தோழி நிம்மி டீ கொண்டுவந்தாள். "சும்னே அழாதடி. சாயங்காலம் கோயிலுக்குப் போலாம்."

சுவரில் ஆசிரியரின் பிறந்தநாள் விருந்துப் படம். மார்ச் மாதம் எடுத்தது. எலியேசர் அதன் முன்னால் போய் நின்றார்.

"எல்லாரும் பிரியாணி சாப்பிடுறீங்க. கார்ல் தட்டுல மட்டும் தயிர்ப் பச்சடி?"

"தவக்காலம் சார். ஈஸ்டர் வரைக்கும் நாப்பது நாள் பிடிச்ச எதையாவது விட்டுடுவோம். கறியை விட்டிருந்தேன்."

"நிம்மி தட்டுல கோழி இருக்கே?"

"நான் வேற ஒண்ணை விட்டிருந்தேன்" என்று சிரித்தாள் நிம்மி.

3.00. எலியேசர் நால்வரையும் உட்காரவைத்தார்.

"கட்சிக்காரன் தன் கட்சியைத் தொட்டாத்தான் திட்டுவான். இந்த மனசாட்சி, சில்வியா யாரைப் பத்தி எழுதினாலும் திட்டியிருக்கு. எந்தக் கட்சிக்கும் பரிஞ்சு பேசலை. அவங்க புடவை, அவங்க இங்கிலீஷ், அவங்க வாங்கின விருது. இது அரசியல் இல்லம்மா, வயித்தெரிச்சல்."

கார்ல் நெளிந்தான்.

"ஆனா இடைத்தேர்தல் நேரத்துல ஊரே கத்துறப்ப, மனசாட்சி மூச்சு விடலை. தவக்காலம் தொடங்குற சாம்பல் புதன் அன்னிக்கு வாயை மூடி, ஈஸ்டர் பூசை முடிஞ்சதும் திறந்திருக்கு. வஞ்சனையில கூட விரதம் தவறாத ஆள்! கார்ல் கறியை விட்டாரு. நிம்மி, நீங்க எதை விட்டீங்க?"

நிம்மியின் முகம் செத்துப்போயிற்று. எலியேசர் கையை நீட்டினார். அவள் போனைக் கொடுத்தாள். மனசாட்சியின் கணக்கு அதில் திறந்தே இருந்தது.

தருண்குமார் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, சில்வியாவின் பெயரைப் பழைய இடத்தில் ஏற்றினார்.

"பக்கம் உனக்கும் வரலையேடி" என்றாள் சில்வியா.

"எனக்கு வர வேண்டாம். உனக்கு இல்லாமப் போனா போதும். ஒரே நாள்லதானே வேலைக்குச் சேர்ந்தோம்? பஸ்ல 'நீங்கதானே சில்வியா?'ன்னு கேப்பாங்க. நான் உன் பையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்."

"தவக்காலத்துல வெள்ளிக்கிழமை தவறாம சிலுவைப்பாதை ஜெபத்துக்குச் சேர்ந்துதானே போனோம்! அப்பல்லாம் மனசுல என்ன நினைச்சே?"

நிம்மி கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"நீ எழுதினதை ஒண்ணு விடாம படிச்சேன். படிச்சிட்டு ஒரு வார்த்தை திட்டாம இருந்தேன் பாரு, சில்வி, அவ்வளவு கஷ்டமான தவத்தை நான் இருந்ததே இல்லை."