கடைசிக் குழலின் சூடு

சேர்த்து வைத்த சுருதி மறுபடியும் ஏறியிருந்தது.

சுருதி சேர்க்க வந்த ஓடில், கையிலிருந்த பித்தளைக் கூம்பைக் கீழே வைத்தாள். மாதா கோயில் ஆர்கனின் வயிற்றுக்குள், ஒரு ஆள் உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்காரத்தான் இடமிருக்கிற பலகையில், பழைய மரமும் மெழுகும் எலிப்புழுக்கையும் கலந்து அடிக்கிற குளிரில், காலையிலிருந்து அவள் ஒக்தாவேனோடு மல்லுக்கட்டுகிறாள். ஆர்கனிலேயே உச்சியில் கீச்சென்று பாடும் புல்லாங்குழல் வரிசை அது. கடைசிக் குழல்கள் விரல் நீளம்தான்.

வெளியே கட்டைகளின் முன்னால் தம்பி எர்வான், தபால் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் ஒரு கட்டையை அமுக்கிப் பிடிப்பான். உள்ளே இவள் குழலின் நுனியைக் கூம்பால் தட்டிச் சுருதி சேர்த்துவிட்டு, "அடுத்தது" என்பாள். இந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு: குழலைக் கையால் தொடக்கூடாது. உடம்புச் சூடு பட்டால் போதும், பக்கத்தில் மூச்சு விட்டால்கூடப் போதும், சுருதி ஏறிவிடும்.

அவள் தொடவில்லை. மூச்சைக்கூட முகத்தைத் திருப்பித்தான் விட்டாள்.

"டேய், அதே கட்டைதான். மறுபடி அமுக்கு."

"இன்னுமா? காலையிலேர்ந்து இந்த ஒரே கீச்சு. ஏன்க்கா, காது கீது செவிடாயிடுச்சா உனக்கு?"

விளையாட்டாகத்தான் சொன்னான். அவளுக்குச் சுருக்கென்றது. மேல் ஸ்தாயிச் சத்தங்கள் மெல்லப் போய்க்கொண்டிருக்கலாம் என்று காது டாக்டர் சொன்னதை அவள் இவனிடம்கூட மூச்சு விடவில்லை. நாளை கிறிஸ்துமஸ் பூசை. இந்த வரிசை பிசகினால், ஓடிலுக்குக் காது போச்சு என்று பாதிரியார் அங்கியைக் கழற்றுவதற்குள் பிரெத்தான் சீமை முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் எவன் கூப்பிடுவான்? இந்தக் காதை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

குழல் பாடியது. ஒத்துப்பார்க்க வைத்திருந்த பெரிய குழலோடு ஒட்டாமல் அலையடித்தது. தட்டினாள். அலை படிந்து இரண்டும் ஒன்றாயின. அப்பாடா. ஆனால் அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சுருதி மெல்ல மெல்ல மேலே ஊர்ந்தது.

கடவுளே. காதுதான். போச்சு, எல்லாம் போச்சு.

தாங்காமல், தொழிலுக்கு வந்த நாளிலிருந்து செய்யாததைச் செய்தாள். குழலைத் தொட்டாள்.

வெதுவெதுவென்று இருந்தது. பக்கத்துக் குழல் பனிக்கட்டி. இது மட்டும் குழந்தையின் கை மாதிரிச் சூடு.

அப்படியென்றால் காது சரி! சுருதி நிஜமாகவே ஏறியிருக்கிறது! அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. டாக்டராம் டாக்டர், அந்த ஆளுக்கு என்ன தெரியும்? மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டும்போதுதான் உறைத்தது.

சூடு எங்கிருந்து வந்தது?

குழலுக்குப் பின்னால் பார்த்தாள். மரச்சுவர். பூனைகூட நுழைய முடியாத இடுக்கு. இருட்டு.

"எர்வான், காத்து மோட்டாரை நிறுத்து."

மோட்டார் முனகி அடங்கியது. துருத்தி இறங்க, பெரிய குழல் குரல் தளர்ந்து, இழுத்து, ஓய்ந்தது.

கீச்சுக்குழல் ஓயவில்லை. தளரவுமில்லை.

"யக்கா! காத்தை நிறுத்தியாச்சு, கட்டையையும் விட்டாச்சு. வாயால ஊதி விளையாடாதே, காதைக் குடையுது!"

அவனுக்கும் கேட்கிறது. ஓடிலின் உதடுகள் இறுக மூடியிருந்தன.

சத்தம் நின்றது. வாயை எடுத்தது போல, சட்டென்று.

டார்ச்சைத் திருப்பினாள். பக்கத்துக் குழலின் பளபளப்பு மங்கியது. குளிர்ந்த ஜன்னலில் மூச்சு படிவது போல ஒரு படலம். பிறகு அதற்கடுத்த குழல். அதற்கடுத்தது. வரிசையாக. அவள் இருக்கும் பக்கமாக.

கத்தவேண்டும். கத்த மூச்சு வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

பலகையில் கிடந்த கூம்பின் பித்தளை மங்கியது.

"முடிஞ்சுதாக்கா? வெளியே வா, சூடா ஏதாவது குடிக்கலாம்."

அவள் இன்னும் மூச்சு விடவில்லை. மூக்குக்கண்ணாடி மங்கியது. வெளிப்பக்கமாக.

காதோரம், நெஞ்சு நிறைய யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். ஓடிலுக்குத் துல்லியமாகக் கேட்டது.