மூன்று சிவப்பு வட்டங்கள்

“கஞ்சி ஆறுதுப்பா... ரெண்டு வாயாவது சாப்பிட்டுட்டுப் போ” என்று மூன்றாம் முறையாகச் சொன்னார் ஹல்தோரா.

மகன் ஸ்டுர்லா தலை நிமிரவில்லை. மேசைமீது கிடந்த அவனுடைய கைப்பேசி நிறுத்தாமல் உறுமிக்கொண்டிருந்தது. மருமகள் எய்திஸ் ஐந்து மாதக் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி, ஜன்னலோரம் முதுகு காட்டி நின்றாள். அங்கிருந்து பார்த்தால் ஊர் நீச்சல்குளத்தின் வேலி தெரியும்.

“இன்னிக்கு எத்தனை?” என்று கேட்டான் ஸ்டுர்லா.

“நேத்துப் பதினாலு. இன்னிக்கு எண்ணி முடியல” என்றாள் எய்திஸ், திரும்பாமலே.

துண்டுகளைத்தான் கேட்டான். குளத்தின் மாடியில் அவன் நடத்தும் உடற்பயிற்சிக் கூடத்தின் விளம்பரப் பலகை அந்த வேலியில்தான் இருந்தது. திங்கட்கிழமை யாரோ ஒரு பெண் தன் குளியல் துண்டை அதன் அருகே தொங்கவிட்டுச் சென்றாள். இரண்டே நாளில் வேலி முழுவதும் துண்டுகள். மார்ச் மாதக் குளிரில் அவை விறைத்து, காயப்போட்ட மீனைப்போல் ஒன்றோடொன்று மோதிக் கடகடத்தன.

“ரேடியோவுல கூடப் பேசுறாங்கம்மா. பெண்களைக் கேவலப்படுத்தின விளம்பரமாம்! ஒரு தமாஷுக்குப் போட்டது... விளம்பரம்னா கொஞ்சம் குத்தணும், அப்பத்தான் ஆளுங்க திரும்பிப் பாப்பாங்க.”

“பாத்தாச்சு இல்ல... எல்லாரும் நல்லாப் பாத்தாச்சு” என்றார் ஹல்தோரா. அதற்குமேல் பேச அவருக்குத் துணிவில்லை. மருமகளின் தோள் நடுங்குவதை அவர் கண்டுவிட்டார். அவருடைய கணவர் பால்மி கப்பலில் சமையற்காரர். கடலுக்குப் போனால் திரும்ப ஐந்து வாரமாகும். இந்த வீட்டில் உடைவதை எல்லாம் இப்போது ஹல்தோரா ஒருவரே தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

அந்தக் குளிர்நாட்டுக் குளங்கள் எல்லாவற்றிலும் குளியலறைச் சுவரில் ஒரு படம் இருக்கும். மனித உடலின் கோட்டுருவம். தலை, அக்குள், இடுப்புக்குக் கீழ், பாதம் ஆகிய இடங்களில் சிவப்பு வட்டங்கள். நீச்சலுடை இல்லாமல் இங்கெல்லாம் சோப்புப் போட்டுக் குளித்த பிறகே தண்ணீரில் இறங்க வேண்டும் என்பது அதன் பொருள். எழுத்துப் பழகும் முன்பே எல்லாரும் அறிந்துகொள்ளும் படம் அது. ஸ்டுர்லா அதையே பெண்ணுருவாக வரையச் செய்து, சிவப்பு வட்டங்களை மட்டும் இடம் மாற்றியிருந்தான். வயிற்றில் ஒன்று: ‘தையல் தழும்பின்மேல் சரியும் மடிப்பு.’ மார்பில் ஒன்று: ‘வற்றிப்போன ஒரு பக்கம்.’ தொடையில் ஒன்று: ‘நண்டு நடந்த தடம்போல் கோடுகள்.’ கீழே பெரிய எழுத்தில், ‘துண்டுக்குள் ஒளிந்தது போதும்! பன்னிரண்டு வாரம் தாருங்கள். உங்கள் கணவரும் நன்றி சொல்வார்!’

பெண்கள் குளிக்கும் அறைக்குள் ஆண்கள் யாரும் நுழைய முடியாது. அங்கே இருபத்திரண்டு ஆண்டுகளாக மேற்பார்வையாளராக இருப்பவர் ஹல்தோரா. அப்படியிருக்க, அவருடைய மகனுக்கு இவையெல்லாம் எப்படித் தெரிந்தன? அந்தக் கேள்விக்கு விடை தேட ஊர் சிரமப்படவே இல்லை.

அன்று காலை ஏழு மணிக்கு, வழக்கம்போல் காப்பிக் குடுவையை எடுத்துக்கொண்டு அவர் திறந்தவெளிச் சுடுநீர்த் தொட்டியின் அருகே சென்றார். கழுத்தளவு வெந்நீரில் அமர்ந்து அரசியல் பேசிக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள்.

“காப்பி...?” என்றார் ஹல்தோரா.

“வேணாம். டாக்டர் காப்பி குடிக்கக் கூடாதுன்னுட்டாரு” என்றார் ஒருவர். முந்திய நாள் அவர் மூன்று கோப்பை குடித்திருந்தார்.

நிறைந்த குடுவையோடு திரும்பி வந்தபோது, குளியலறையின் நடுவே கெர்துர் நின்றுகொண்டிருந்தார். குளிர்கால மேலங்கியோடும் பனி ஒட்டிய காலணிகளோடும்!

“ஷூவைக் கழட்டிட்டு வா, கெர்துர்... தரை...”

“எதுக்குக் கழட்டணும்? இங்க கழட்டினதெல்லாம் வேலியில தொங்குதே, நீ பாக்கலையா?”

கெர்துர் பள்ளிக் காலத்துத் தோழி. நான்கு ஆண்டுகளுக்கு முன் நோய்க்காக ஒரு மார்பை நீக்கிக்கொண்டவர். அதன்பிறகு அவர் குளத்துக்கு வந்த முதல் நாளில் ஹல்தோரா ஒன்றும் கேட்கவில்லை. மூலையில் இருந்த குழாயை மட்டும் திறந்துவிட்டு, வெந்நீர் பதமாக இருக்கிறதா என்று கையால் பார்த்துவிட்டு நகர்ந்தார். அன்றிலிருந்து அந்த மூலை கெர்துருக்கென்றே ஆயிற்று. வெளியூர்ப் பெண்கள் யாராவது வெறித்துப் பார்த்தால், ஹல்தோரா இயல்பாக இடையில் வந்து நின்றுகொள்வார்.

“‘வற்றிப்போன ஒரு பக்கம்’... அது நான்தானே? சொல்லுடி!”

“ஐயோ... நீ இல்ல கெர்துர்! சத்தியமா நீ இல்ல...”

“நான் இல்லையா? அப்ப யாரு?”

ஹல்தோராவின் உதடுகள் பிரிந்தன. பிறகு மூடிக்கொண்டன.

“பாத்தியா, பேச்சு வரல! வயிறு தன்னோடதுன்னு பேக்கரிக்காரி மாவுல கை வச்சபடியே அழறா. தொடை தன்னோடதுன்னு ஸ்வான்ஹில்துர் பொண்ணு ஸ்கூலுக்கே போகல. என் புருஷனுக்கே ஒரு வருஷம் நான் காட்டலடி... உனக்குக் காட்டினேன். உன் முன்னாடி நிக்க எனக்குக் கூசல. உன் மகன் கூடம் நிறையணும்னா எங்க தோலை உரிச்சுத்தான் பலகையில மாட்டணுமா?”

“என்னை... மன்னிச்சிடு கெர்துர்.”

அந்த ஒரு சொல்லை அங்கே குளித்துக்கொண்டிருந்த எல்லாரும் வாக்குமூலமாகவே எடுத்துக்கொண்டார்கள். ஈரத் தரையில் காலணித் தடங்களை விட்டுக் கெர்துர் வெளியேறினார். ஹல்தோரா துடைப்பத்தை எடுத்து, நெடுநேரம் அந்தத் தடங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

குளத்தின் நிர்வாகி ஒத்தார் நல்ல மனிதர். கடிந்து பேசத் தெரியாதவர். அவர் தன் அறையில் பேனாவை உருட்டியபடியே சொன்னார்:

“நாப்பது பேரு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க, ஹல்தோரா. வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு இங்கயே கூட்டம். ‘நான் சொல்லல’ன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மிச்சத்தை நான் பாத்துக்கிறேன். சொல்லலைன்னா... அந்த அறையில உங்களை வச்சிருக்க முடியாதுங்க.”

“வெள்ளிக்கிழமை சொல்றேங்க” என்றார் ஹல்தோரா.

என்ன சொல்வது? ஐந்து மாதங்களுக்கு முன், வயிற்றில் தையலோடு எய்திஸ் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினாள். குனியவும் முடியாமல் இருந்தவளை முக்காலியில் உட்கார வைத்துக் குளிப்பாட்டியவர் ஹல்தோராதான். பின்னர் ஒரு பக்கம் பால் கட்டிக் காய்ச்சல் கண்டு, அந்தப் பக்கம் வற்றிப்போனபோது ஒத்தடம் கொடுத்தவரும் அவரே. பலகை ஏறிய அன்றே, மூன்று சிவப்பு வட்டங்களும் யாருடையவை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. முன்பெல்லாம் தினமும் நீந்திய பெண், பிள்ளை பெற்ற பிறகு ஒருநாளும் குளத்தின் பக்கம் வராததன் காரணமும் அப்போதுதான் விளங்கியது.

அன்று பிற்பகல் வீட்டில் அவர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. எய்திஸ் எதிரே வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

“ஏன் அத்தை வாயை மூடிட்டு இருக்கீங்க? இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே! ஊரே உங்களைத் தூத்துது... எனக்குக் கேக்கவே சகிக்கல!”

“சொல்லலாம்மா. சொன்ன அடுத்த நிமிஷம், ‘அப்ப யாரு’ன்னு கேப்பாங்க. யாரை நான் காட்டட்டும்?”

எய்திஸ் ஓரடி பின்வாங்கினாள்.

“உங்களுக்கு... தெரியுமா?”

“நான்தானேம்மா உன்னைக் குளிப்பாட்டினேன்.”

அவள் நின்ற இடத்திலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். “அவருகிட்ட மட்டும்தான் சொன்னேன் அத்தை... துண்டு இல்லாம அங்க நிக்கவே முடியாது என்னாலன்னு அழுதேன். நண்டு நடந்த மாதிரி இருக்குன்னு... அது என் வார்த்தை. அவரு கட்டிப் பிடிச்சுத் தேத்தினாரு. நானும் மனசு ஆறிப் போயிட்டேன். அப்புறம் ஒருநாள் ஜன்னலைத் திறந்தா... வேலியில இருக்கு!”

ஸ்டுர்லா கதவருகே நின்றிருந்தான். “பேரு போடலையே, எய்திஸ்... யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன். நீ சொன்னது அவ்வளவு உண்மையா இருந்துச்சு, அதான்...”

“உண்மையா இருந்துச்சா?” ஹல்தோராவின் குரல் உடைந்தது. “அவ உன் தோள்ல இறக்கி வச்சதுடா அது! நாளைக்கே எழுதிப் போடு. தப்பு என்னோடது, அம்மா ஒண்ணும் சொல்லலன்னு எழுது.”

“எழுதினா... அப்ப யாரு சொன்னதுன்னு கேப்பாங்களேம்மா...”

“அதனால அம்மா சொன்னதாவே இருந்துட்டுப் போகட்டும். அப்படித்தானே?”

தான் சுமந்து பெற்ற பிள்ளையின் மௌனம் இத்தனை கனமாக இருக்கும் என்று ஹல்தோரா எண்ணியதே இல்லை. கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

“சரி, இருக்கட்டும். நான் எத்தனையோ காலம் பாத்துட்டேன். இவ இந்த ஊர்ல இன்னும் அம்பது வருஷம் குளிக்கணும்.”

வெள்ளிக்கிழமை காலை. ஹல்தோரா தன் அலமாரியைக் காலி செய்தார். ரப்பர் செருப்பு, கைக்குப் பூசும் களிம்பு, ஒரு கம்பளிச் சட்டை ஆகியவற்றை ஒரே பையில் அடக்கிவிட முடிந்தது. குளியலறையில் எட்டுப் பெண்கள் இருந்தார்கள். ஒருவரும் வணக்கம் சொல்லவில்லை. மூலைக் குழாயில் கெர்துர், சுவரைப் பார்த்து நின்றிருந்தார். கூட்டத்துக்கு வந்தவர், கடைசியாக ஒருமுறை குளித்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்க வேண்டும்.

கதவு திறந்தது. எய்திஸ்! கழுத்து முதல் முழங்கால் வரை துண்டு. அதைப் பற்றியிருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

ஹல்தோரா ஓடிச்சென்று வழி மறித்தார். “எதுக்கும்மா வந்தே... வேணாம்... போயிடு, வீட்டுக்குப் போயிடு!”

“குளிக்க வந்தேன் அத்தை.” அவளுடைய பற்கள் தந்தியடித்தன. “நீந்தி அஞ்சு மாசமாச்சு.”

“எனக்காகச் செய்யாதம்மா. நான் சமாளிச்சுக்குவேன்...”

“என்னால சமாளிக்க முடியல அத்தை. வழி விடுங்க.”

அவள் நேரே மூலைக்கு நடந்தாள். கெர்துருக்கு அடுத்த குழாயைத் திறந்தாள். பிறகு துண்டை அவிழ்த்துக் கொக்கியில் மாட்டினாள்.

தலையில் நுரையோடு ஒருவர் அப்படியே நின்றார். கெர்துர் மெல்லத் திரும்பினார். அவர் பார்வை தழும்பின்மேல் சரிந்த மடிப்பில் நின்றது; மேலே ஏறியது; தொடைக்கு இறங்கியது. பிறகு எய்திஸின் முகத்துக்கு வந்து, அங்கிருந்து நகரவே இல்லை.

“அது... நீயா?”

“மூணும் என்னோடதுதான்” என்றாள் எய்திஸ். கண்ணீரும் வெந்நீரும் ஒன்றாக வழிந்தன. “நான் என் புருஷன்கிட்ட அழுதது. அத்தை யாரைப் பத்தியும் எதுவும் சொல்லல. என்னைக் காப்பாத்தத்தான் வாயை மூடிக்கிட்டாங்க. நானும்... பயத்துல மூடிக்கிட்டேன். தப்பு என்னோடது!”

“உன்னோடதா? பைத்தியமா உனக்கு! தப்பு மாடியில இருக்கு, ரெண்டு காலோட!” என்று கத்தினார் நுரைத் தலைப் பெண்.

“இப்ப வேலியில இருக்காரு. நான் இங்க வந்து எல்லாத்தையும் சொல்லப் போறேன்னதும், குழந்தையை மார்புல கட்டிக்கிட்டு ஏணியைத் தூக்கிட்டுப் போனாரு. பலகையை இறக்கிட்டுக் கூட்டத்துல வந்து பேசுறாராம்.”

“அவன்கிட்ட நான் அப்புறம் பேசிக்கிறேன்” என்றார் ஹல்தோரா. அந்தக் குரலைக் கேட்டவர்களுக்கு ஸ்டுர்லாமீது ஒரு கணம் இரக்கமே வந்திருக்கும்.

கெர்துர் சொட்டச் சொட்ட அவர் முன் வந்து நின்றார். வாய் கோணியது. “ஏண்டி... எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நாலு நாளா உன்னை என்னவெல்லாம் பேசிட்டேன்... ஊர் பூரா... கையெழுத்துல முதல் பேரே என்னோடதுடி!”

“சொல்லியிருந்தா, நீ என்னைப் பத்தி நினைச்சது சரியாப் போயிருக்கும், கெர்துர்.”

கெர்துர் ஓர் அடி எடுத்து வைத்து அவரைக் கட்டிக்கொண்டார். ஈரம் சீருடையில் ஊறிப் பரவியது. ஹல்தோரா ஒரு கையை நீட்டி, அருகே வந்த மருமகளையும் இழுத்து அணைத்துக்கொண்டார். மூவரும் அப்படியே நின்றார்கள்.

அப்போது வெளியே இருந்து கதவு மிக மரியாதையாகத் தட்டப்பட்டது.

“ஹல்தோரா... ஒத்தார் பேசுறேங்க. கூட்டம் தொடங்கப் போகுது. வரீங்களா?”

“எல்லாருமே வரோம், ஒத்தார்!” என்று உள்ளிருந்து குரல் கொடுத்தார் கெர்துர். “துணி போட்டுட்டு வரணுமா, இப்படியே வரலாமா?”

வெளியே, படிகளில் வேகமாக இறங்கி ஓடும் காலடிச் சத்தம். குளியலறை முழுவதும் சிரிப்பு வெடித்தது. எய்திஸ்கூட அழுகையின் நடுவே சிரித்துவிட்டாள். ஒரு கையில் தோழியும் மறு கையில் மருமகளும் இருந்ததால், ஹல்தோராவுக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை இல்லை. துடைக்காமலே அழுதார்.