சித்திரையில் கடல் வற்றுமா?

பழனிவேல் அன்றைக்கும் பாதிக் கூழைத்தான் குடித்தான். மீதியைச் சட்டியோடு மூடி வைத்தான்.

"அப்பாவுக்கு. நடந்து வந்தா பசிக்குமில்ல?"

அக்கா ராசாத்தி அவனைப் பார்த்தாள். ஆறு வயதுத் தம்பியின் விலா எலும்பு ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. எல்லாம் அவளால் வந்த வினை.

அப்பா கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறார். தை மாதம் தம்பி அப்பாவைக் கேட்டு அழுதபோது, பள்ளிக்கூடத்துத் தேசப்படத்தில் பார்த்ததை வைத்து ஒரு கதை கட்டிவிட்டாள்.

"தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல கொஞ்சூண்டு கடல்தான்டா. நெடுக மண்திட்டா இருக்கு. சித்திரையில நம்ம ஏரி மாதிரி வத்திடும். அப்பா நடந்தே வந்துடுவாரு."

அரியலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் கடலை எங்கே கண்டார்கள்? அவன் நம்பிவிட்டான்.

சித்திரை வந்தது. ஏரியும் வற்றியது. யுத்தத்தில் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான் என்ற சேதியும் வந்தது. அப்பாவைப் பற்றி மட்டும் ஒரு சேதியும் இல்லை. அம்மா மருதாயி அடுப்பைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"வாடா, தண்ணி எடுக்கப் போவோம்" என்று ராசாத்தி தம்பியை ஏரிக்குக் கூட்டிப் போனாள்.

வெடித்த தரையில் பெண்கள் தோண்டிய ஊற்று ஒன்று இருந்தது. அவன் கையில் கொட்டாங்கச்சியைக் கொடுத்தாள்.

"இதை இறைச்சு வத்த வை பார்ப்போம்."

"இதென்ன பெரிய வேலை!"

இறைத்தான், இறைத்தான். குடம் நிறைந்தது. அப்புறம் தரையில் ஊற்றினான். ஊற்றில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. கை ஓய்ந்து உட்கார்ந்தான்.

"வத்தவே மாட்டேங்குது அக்கா!"

"கடலும் அப்படித்தான்டா. அந்த மண்திட்டுக்கு ரெண்டு பக்கமும் பெரிய பெரிய கடல். இங்க குறைஞ்சா அங்கேருந்து ஓடியாந்துடும். வத்தாது. அப்பா நடந்து வர முடியாது. நான் பொய் சொல்லிட்டேன்."

"அப்ப எப்படி வருவாரு?"

"கப்பல்ல."

"கப்பல் எப்ப வரும்?"

நாளைக்கே என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினாள்.

"தெரியலைடா."

"போடி பொய்க்காரி!" கொட்டாங்கச்சியை வீசிவிட்டு வீட்டுக்கு ஓடினான்.

அவள் குடத்தோடு வந்து சேர்ந்தபோது அவன் அம்மாவை உலுக்கிக்கொண்டிருந்தான்.

"அம்மா, கப்பல்ல சோறு போடுவாங்களா?"

மருதாயி நிமிர்ந்தாள். "போடுவாங்கடா. மீன் குழம்போட சாப்பிட்டேன்னு போன தடவை வந்தப்ப உங்கப்பா சொன்னாரே."

அவன் அப்பாவுக்காக மூடி வைத்திருந்த சட்டியை இழுத்தான். அக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, விரலால் வழித்து வழித்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தான்.