நிறைவுமானி

டிகாஷன் இறங்கி முடிவதற்குள் கணவனின் நுரையீரல் சல்லடையைக் கழுவிவிடுவது தர்ஷிகாவின் வழக்கம். காலை ஆறரைக்கு மித்ரன் சட்டையை உயர்த்திப் பிடித்தபடி சமையலறை வாசலில் வந்து நிற்பார். அவள் அவருடைய விலாவிலிருக்கும் சிறு மூடியைத் திருகி, உள்ளேயிருந்து விரல் நீளச் சல்லடையை உருவிக் குழாய்த் தண்ணீரில் பிடிப்பாள். முதலில் சாம்பல் நிறத்தில் ஓடும், பிறகு தெளியும். உதறித் திரும்பப் பொருத்திவிட்டுப் பால் காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போவாள்.

சேலத்தில் அறுபதைத் தாண்டிய எல்லார் வீட்டிலும் காலை வேளை இப்படித்தான் விடிந்தது. ஊர்க் காற்றைக் குடித்துக் குடித்து நுரையீரல் ஐம்பத்தைந்திலேயே சோர்ந்துவிடும். அறுபதில் விலாவுக்குள் மூச்சான் பொருத்திவிடுவார்கள். உடம்புக்கு எவ்வளவு காற்று வேண்டுமென்று அதுவே அறிந்து, இழுத்து, வடித்து, உள்ளே தள்ளும். பல் கட்டிக்கொள்வதைப் போல அதுவும் ஒரு சாதாரணக் காரியம். யாரும் அதைப் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை.

மித்ரனுக்கு ஆறாம் வகை மூச்சான் இருந்தது. எந்தக் குறையும் இல்லாமல் உழைத்தது. சித்திரை மாதம் நிறுவனம் ஓர் அறிவிப்பு அனுப்பியது: ஏழாம் வகை வந்துவிட்டது, இனி ஆறுக்குச் சல்லடை கிடைக்காது. சல்லடை இல்லாவிட்டால் மூச்சு இல்லை. போய் மாற்றிக்கொண்டு வந்தார்கள்.

ஏழு புத்திசாலி என்றார்கள். ஆள் சும்மா உட்கார்ந்திருக்கும்போது காற்றைக் குறைத்து மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும். ஆனால் சும்மா இருந்தவர் எழுந்து நடந்தார் என்பது அதற்கு உடனே உறைக்கவில்லை. மாடிப்படியில் நான்காவது படியில் மித்ரன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்பார். வாய் திறந்திருக்கும், மார்பு அசையாது. பிறகு மூச்சான் விழித்துக்கொண்டு குப்பென்று காற்றைத் தள்ளும். அவர் இருமியபடி மேலே போவார்.

"என்னங்க, ஏன் நின்னுட்டீங்க?"

"ஒண்ணுமில்ல தர்ஷி. பரவாயில்ல. பழகிடும்."

தர்ஷிகாவுக்கு அது பொறுக்கவில்லை. முப்பது வருடம் ஜவ்வரிசி ஆலையில் தரம் பார்த்தவள் அவள். ஒரு பிடி அள்ளி விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்து, மூட்டைமேல் 'சரியில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பியே தலை நரைத்தவள். "புதுசுன்னு ஒண்ணு வந்தா, பழசு செஞ்ச வேலையையாவது செய்யணுமில்ல?" என்பது பொருட்களைப் பற்றிய அவளுடைய ஒரே கொள்கை. அதன்படி நடந்த புதுப்பொருள் எதையும் அவள் வெகுநாளாகப் பார்க்கவில்லை.

மித்ரன் அவளுக்கு நேர்மாறு. ஓட்டுநரில்லாத தானோட்டிப் பேருந்துகள் வந்த புதிதில், வண்டி தாமதமானால் யாரைத் திட்டுவதென்று தெரியாமல் மக்கள் கண்ணாடிகளை உடைத்தார்கள். அதனால் புதிய பேருந்து நிலையத்தில், திட்டு வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்பதற்கென்றே ஒரு மனிதரை வேலைக்கு வைத்தார்கள். இருபத்தெட்டு வருடம் மித்ரன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்தபின் வாய் திறந்து எதையும் குறை சொன்னதில்லை. குழம்பில் உப்பில்லை என்றால்கூட இலையோரத்தில் கொஞ்சம் உப்பை வைத்துக்கொண்டு சாப்பிட்டுவிடுவார்.

தர்ஷிகா நிறுவனத்தை அழைத்தாள். இனிமையான ஒரு குரல் எடுத்தது. அது மனிதக் குரலா என்று அவள் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் யாரும் அதைக் கேட்பதில்லை.

"உங்கள் கணவரின் நிறைவு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. எங்களுக்கும் மகிழ்ச்சி" என்றது குரல்.

"அவர் மூச்சு நின்னு நின்னு வருதுங்க. நான் கண்ணால பாக்கறேன்."

"பயனர் அப்படிச் சொல்லவில்லையே, அம்மா."

அந்தத் தொண்ணூற்றாறு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். முந்தைய தலைமுறையில் எதை வாங்கினாலும் எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டுத் துளைத்தெடுத்தார்கள். செருப்பு வாங்கினாலும் கேட்டார்கள், ஸ்கேன் எடுத்தாலும் கேட்டார்கள். சனங்களுக்கு அலுத்துப்போயிற்று. அப்போது வந்ததுதான் நிறைவுமானி. காதுக்குப் பின்னால் துவரம்பருப்பு அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும். நாளெல்லாம் ஆள் பேசுவதைக் கேட்டு, எந்தப் பொருளைப் பற்றிய பேச்சு என்று ஊகித்து, திருப்தியா இல்லையா என்று தானே பதிந்துகொள்ளும். இனி யாரும் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லத் தேவையில்லை என்றதும் ஊரே நிம்மதியடைந்தது.

ஆனி மாதம் மித்ரன் கடைவீதி நடைமேம்பாலத்தில் மயங்கி விழுந்தார். காய்கறிப் பை உருண்டு தக்காளியெல்லாம் படிகளில் நசுங்கியது. நினைவு வந்ததும் சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "பரவாயில்லீங்க, நீங்க போங்க" என்றார். மறுநாளே தர்ஷிகா அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு ஐந்து ரோடு சந்திப்பிலிருந்த சேவை மையத்துக்குப் போனாள்.

அங்கே இருந்த ஒரே மனித ஊழியர் ஆதிரை என்ற பெண். நாற்பது வயதிருக்கும். மூச்சானைச் சோதித்தாள், பதிவுகளைப் பார்த்தாள், பிறகு நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினாள்.

"அக்கா, இதுல கோளாறு இருக்கறது எங்களுக்கும் தெரியும். வடக்க இதே ஏழாம் வகையை விட்டாங்க. ஒரே வாரத்துல சனங்க கத்தின கத்துல திரும்ப வாங்கிச் சரிபண்ணிட்டாங்க. நம்ம பக்கம் யாருமே கத்தல. எல்லாரும் பரவாயில்லன்னு சொல்றாங்க. மானிக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் திருப்தின்னு சொல்லிக்கொடுத்திருக்காங்க."

"திருப்தியா? யாரு சொல்லிக்கொடுத்தது?"

"அகராதி பாத்துப் பண்ணியிருப்பாங்கக்கா. குறையில்லைன்னு போட்டிருக்குமோ என்னவோ." ஆதிரை மித்ரனைப் பார்த்தாள். "அண்ணா, ஒரே வழிதான். மூணு நாள் தொடர்ந்து, 'இது சரியில்லை'ன்னு தெளிவாச் சொல்லணும். நடுவுல ஒருதடவைகூட அந்தச் சொல் வந்துரக்கூடாது. மூணாவது நாள் சாயங்காலம் தானாவே புகார் ஆயிடும். ரெண்டு நாளைல மாத்திக் குடுத்தே ஆகணும். நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்க."

வீட்டுக்கு வந்ததும் தர்ஷிகா அவரை நாற்காலியில் உட்காரவைத்து எதிரே நின்றாள்.

"சொல்லுங்க. இது சரியில்லை."

மித்ரன் தொண்டையைச் செருமினார். "இது... அவ்வளவா..."

"அவ்வளவா எல்லாம் வேண்டாம். மூணு வார்த்தைகூட இல்ல, ரெண்டே ரெண்டு."

"அந்தப் பக்கம் ஒருத்தன் உக்காந்து கேட்டுக்கிட்டிருப்பான் தர்ஷி. எனக்குத் தெரியும், அந்த நாற்காலி எப்படி இருக்கும்னு."

"அங்க யாரும் இல்லீங்க. வெறும் எந்திரம்."

"அந்த ஆதிரை இருக்குதே."

அவள் விடவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, திருடியதை ஒப்புக்கொள்பவரைப் போலச் சொன்னார்: "இது சரியில்லை." சொல்லிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார். தர்ஷிகாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஒன்று உறைத்தது. இத்தனை வருடத்தில் இந்த மனிதர் இதைத் தன்னிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அப்படியானால் எதையெல்லாம் சொல்லாமல் விழுங்கியிருப்பார்?

"ஏங்க, நான் சமைச்சது, நான் பேசினது... எதுலயாவது உங்களுக்கு..."

"அதெல்லாம் பர..." என்று தொடங்கியவரின் வாயைப் பாய்ந்து பொத்தினாள். அவருடைய கண்கள் அவள் விரல்களுக்கு மேல் சிரித்தன. வெகுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

முதல் நாள் முடிந்தது. இரண்டாம் நாளும் சொன்னார். தவறிப்போய் அந்தச் சொல் வந்துவிடுமென்று பயந்து, மற்ற நேரமெல்லாம் பேசாமலே இருந்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் இடியும் மழையுமாகக் கொட்டியது. வாசலில் ஆதிரை நின்றாள். நிறைவு குறைந்துகொண்டு வரும் வீட்டுக்கு ஆளை அனுப்பி நேரில் விசாரிக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தாள். உள்ளே வந்தவள், துடைத்து வைத்திருந்த தரையெல்லாம் தன் ஈரக் காலடியால் சேறாகிவிட்டதைப் பார்த்துக் கூசிப்போனாள்.

"மூச்சான் எப்படி இருக்குன்னு கேக்கச் சொல்லி அனுப்பிச்சாங்கண்ணா... ஐயோ, தரையெல்லாம் சேறாக்கிட்டேனே."

"பரவாயில்லம்மா, உள்ள வா, உக்காரு" என்றார் மித்ரன்.

சொன்னபிறகுதான் அவருக்கே உறைத்தது. காதுக்குப் பின்னால் மானி 'டிக்' என்று பதிந்துகொண்ட சத்தம் மூவருக்கும் கேட்டது. ஆதிரை முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். தர்ஷிகா துண்டை எடுத்துவந்து அவளிடம் நீட்டினாள். திட்டுவதற்கு அங்கே யாரும் இல்லை.

மறுநாள் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்கள்.

அதற்கும் மறுநாள், பகல் பதினொரு மணிக்கு, வெயில் வந்துவிட்டதே என்று மித்ரன் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனார். பத்து நிமிடம் கழித்தும் வரவில்லை. தர்ஷிகா போய்ப் பார்த்தபோது கடைசிப் படியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் அவளுடைய புடவை பாதி மடித்தபடி இருந்தது. மூச்சான் சீராக இயங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தாமதமாக விழித்து, தேவையில்லாத உடம்புக்குள் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது.

தர்ஷிகா போட்ட வழக்கு இரண்டு வருடம் நடந்தது. நுகர்வோர் ஆணையத்தில் நிறுவனத்தின் வழக்கறிஞர் அதிகம் பேசவில்லை. மித்ரனின் மானியிலிருந்த ஒலிப்பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டார். அறுபத்தொரு முறை அந்தக் குரல் அறை முழுக்க ஒலித்தது. மாடிப்படியில் இருமலோடு, மேம்பாலத்தில் நடுக்கத்தோடு, மழை நாளில் அன்போடு. இறந்த மனிதர் அறுபத்தொரு முறை வந்து, நிறுவனத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சாட்சி சொன்னார். அதுவரை யார் முன்னாலும் அழாத தர்ஷிகா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

ஆணையத்தின் தலைவர் அவளைப் பார்த்தார். "நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?"

அவள் எழுந்தாள். "ஐயா, கல்யாணமான மறுநாள் நான் வெச்ச ரசத்துக்கும் இவர் இதையேதான் சொன்னார். நான் அதைக் கொட்டிட்டு வேற வெச்சேன். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்னு சமைச்சவளுக்குத் தெரியும். பொருள் செய்யறவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். அவருடைய வீட்டிலும் ரசம் வைத்திருப்பார்கள் போலும்.

தீர்ப்பு வந்தது. மித்ரனின் சாவுக்கு நிறுவனம் பொறுப்பல்ல, பதிவு பதிவுதான். ஆனால் அன்று முதல் தமிழ் பேசுவோரின் எல்லா நிறைவுமானிகளும் 'பரவாயில்லை' என்ற சொல்லைக் குறையென்றே கொள்ள வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து அது கேட்டால் புகார். பேருந்து நிலையங்களிலும் ரேஷன் கடைகளிலும் அதை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். முதல் நாள் மட்டும் நான்கு லட்சம் குறைகள் பதிவாயின என்று ஆதிரை தொலைபேசியில் சொன்னாள். அன்று தர்ஷிகா இரண்டு வருடத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

பத்து நாள் கழித்து எதிர்வீட்டுக் கனிஷ்கா அக்காவைப் பார்க்கப் போனாள். அக்காவின் கணவர் ரித்திக் கூடத்தில் நடுவழியில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை சுவரில், வாய் திறந்தபடி. பிறகு விலாவுக்குள் குப்பென்ற சத்தம். இருமினார். தர்ஷிகா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, இன்னுமா மாத்தல? அந்தச் சொல்லை மூணு நாள் சொன்னாப் போதுமே!"

ரித்திக் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கனிஷ்கா அக்காதான் அவளைப் பக்கத்தில் இழுத்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போலச் சொன்னாள்.

"அதைச் சொன்னாப் புகாரா ஆயிடுதாமே தர்ஷி. பாவம், எதுக்கு அவங்களுக்குத் தொந்தரவு? நம்ம தெருவுல இப்ப யாரும் அதைச் சொல்றதில்ல. பாத்துப் பேசிக்கறோம்."

"அப்ப மூச்சு நின்னா என்னதான் சொல்வீங்க?"

ரித்திக் நெஞ்சைத் தடவிக்கொண்டு புன்னகைத்தார். "இருக்கட்டும் விடும்மா. எல்லாருக்கும் இப்படித்தானே இருக்கு."

அடுத்த மாத அறிக்கையில் சேலம் வட்டாரத்தின் நிறைவு தொண்ணூற்றெட்டைத் தொட்டது. நாட்டிலேயே அதுதான் முதலிடம். எட்டாம் வகை மூச்சானை முதலில் அங்கேயே வெளியிடுவதென்று நிறுவனம் முடிவு செய்தது.