நீலத் தண்ணீர்

கவிழ்த்து வைத்த டம்ளர் நிமிர்ந்து நின்றது. உள்ளே விளிம்பு வரை தண்ணீர்.

காக்ஸ் டவுனில் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிற ஷோபாவின் சமையலறைக்கு ஒரு சட்டம் உண்டு. அலமாரியில் ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர், பெயர் வெட்டியது. குடித்து முடித்தால் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும். பேச்சு வராத வாண்டுகூட இதை மறக்காது. சாயங்காலம் கடைசிப் பிள்ளையும் கிளம்பிப் போய், வெளியே மழை மூட்டம் கட்டி, ஆறிய பாலின் வாசனையும் காயாத துணியின் நாற்றமும் வீடெங்கும் தேங்கிக் கிடந்த நேரத்தில் அவள் அலமாரியைப் பார்த்தபோது, வரிசையில் அது ஒன்று மட்டும் நிமிர்ந்து நின்றது. கேரல் என்று பெயர் வெட்டிய டம்ளர். கேரல் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

எந்த வாலு செய்த வேலையோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தாள்.

சுவரில் மாட்டியிருந்த தண்ணீர் மிஷினின் பக்கம் அவள் திரும்பவில்லை. பயத்தைவிட வெட்கம்தான் அவளைத் திரும்பவிடாமல் பிடித்துவைத்திருந்தது. மிஷினுக்குள் ஒரு புற ஊதா விளக்கு உண்டு. டேங்கர் தண்ணீர் அதைக் கடந்து வரும்போது கிருமியெல்லாம் செத்துப்போகும். கோடையில் அந்த விளக்கு எரிந்துபோய்விட்டது. மிஷின் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது. புது விளக்கு வர நாளாகும் என்றார் மெக்கானிக். பிள்ளைகள் தூங்கவே மாட்டேன் என்கிறார்கள், சத்தத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் மட்டும் வரும்படி செய்துகொடுங்கள் என்று கெஞ்சியவள் ஷோபாதான். அதோடு விட்டாளா? மிஷினின் சின்னக் கண்ணாடியில் நீல வெளிச்சம் தெரியாவிட்டால் பெற்றோர் ஏதாவது கேட்பார்களே என்று, கிறிஸ்துமஸ் குடிலுக்குப் போடும் சீரியல் லைட்டை எடுத்து, அதிலிருந்த நீல பல்பை அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் சொருகிவைத்தாள். புது விளக்கு வந்துவிட்டது என்று போன் வந்தபோது, நாளைக்கு வாங்க என்றாள். பிறகு அதுவும் மறந்துபோனது. எரியாத விளக்கு எரிவதாகவே அவளுக்கும் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

பிள்ளைகள் அதை நீலத் தண்ணி என்பார்கள். மிஷினின் முன்னால் வரிசையில் நிற்பார்கள். "அடுத்து யாரு?" என்பாள் ஷோபா. ஒரு சின்னக் கை டம்ளரை நீட்டும்.

கேரல் நோயில் படுத்த அன்றிலிருந்து ஷோபா தண்ணீரைத் திருட்டுத்தனமாகக் காய்ச்சிக் கொடுக்கிறாள். யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

அழைப்பு மணி அடித்தது. கேரலின் அம்மா டீனா. மழையில் நனைந்து, கையில் ஒரு பாட்டிலோடு நின்றாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"எப்படி இருக்கா டீனா?"

"வாந்தி நிக்கலக்கா. தண்ணிலேர்ந்து வந்த இன்ஃபெக்ஷன்னு சொல்றாங்க. எங்க வீட்டுத் தண்ணிதான் காரணமா இருக்கும். இங்க மிஷின் இருக்குது, ஒண்ணும் ஆகாது. தப்பெல்லாம் எங்களோடதுக்கா." அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஆஸ்பத்திரில எது குடுத்தாலும் வேணாங்கிறா. ஷோபா ஆண்ட்டி வீட்டு நீலத் தண்ணிதான் வேணுமாம். இதுல ஸ்வல்ப புடிச்சுக் குடுங்க."

ஷோபாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. இப்போது சொல்லிவிட வேண்டும். இந்த நிமிஷமே.

"காய்ச்சின தண்ணி வெச்சிருக்கேன், அதைத் தரட்டுமா?"

"எதுக்குக்கா காய்ச்சணும்? மிஷின்தான் நல்லா ஓடுதே?" டீனா அவள் முகத்தையே பார்த்தாள்.

அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. ஷோபா பாட்டிலை வாங்கிக் குழாயின் கீழ் பிடித்தாள்.

பாதி நிறைந்தபோது கரண்ட் போயிற்று. தெருவே இருண்டது. நின்றுபோயிருக்க வேண்டிய தண்ணீர் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. அணைந்திருக்க வேண்டிய கண்ணாடியில் வெளிச்சம் இருந்தது. சீரியல் பல்பின் நீலம் அல்ல. வெளிறிய ஊதா. அந்த வெளிச்சத்தில் அவளுடைய நகங்கள் பளிச்சென்று வெளுத்தன.

"பரவாயில்லியே, கரண்ட் போனாலும் ஓடுது," என்றாள் டீனா. "நல்ல மிஷின்க்கா."

பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் மழையில் இறங்கினாள். ஷோபா வாசலில் நின்றாள். டீனா, அதைக் கொடுக்காதே. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். வாய் திறந்தது. தெரிந்துபோனால் இந்தத் தெருவில் எப்படித் தலைகாட்டுவது? வாய் மூடிக்கொண்டது. தன்னைப் பார்த்துத் தானே காறித் துப்பலாம் போல இருந்தது அவளுக்கு.

உள்ளே ஒரு சத்தம். எவர்சில்வர் கல்லில் உரசும் சத்தம்.

சமையலறை முழுக்க ஊதா வெளிச்சம். ஓடிப்போய் மிஷினின் பிளக்கைப் பிடுங்கினாள். வெளிச்சம் குறையவில்லை. சீரியல் லைட்டையும் பிடுங்கி எறிந்தாள். குறையவில்லை.

சமையல் மேடையில் டம்ளர்கள். வரிசையாக. எல்லாம் நிமிர்ந்து. எல்லாம் நிறைந்து. ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு சின்ன உதட்டுத் தடம் வெள்ளையாக மின்னியது.

முதலில் இருந்தது கேரலுடையது.

அது எழும்பியது. மெல்ல. ஒரு குழந்தையின் வாய் இருக்கும் உயரத்தில் நின்று சாய்ந்தது. மடக். மடக். விழுங்கும் சத்தம். ஒரு சொட்டுகூடக் கீழே சிந்தவில்லை.

காலியானது. மேடைக்கு இறங்கியது. ஷோபா சொல்லிக்கொடுத்தபடியே, பதவிசாகக் கவிழ்ந்தது.

தெருமுனையில் ஆட்டோ ஸ்டார்ட் ஆகும் சத்தம். இன்னும் ஓடிப் பிடிக்கலாம். ஷோபா ஓடவில்லை.

மிஷினுக்குள்ளிருந்து, எரிந்துபோன விளக்கு இருந்த இரும்புக் குழலுக்குள்ளிருந்து, ஒரு குரல் அன்பாகக் கேட்டது. ஷோபாவின் சொந்தக் குரல்.

"அடுத்து யாரு?"

கவின் என்று பெயர் வெட்டிய டம்ளர் மேடையை விட்டு எழுந்தது.