முற்றத்துக் கஞ்சி

மழைக்குப் பயந்து ஓடிவந்த ஷிஜா, செருப்போடு அந்தப் பழைய மரவீட்டின் படியில் ஏறிவிட்டாள்.

"செருப்பு..."

ஒரே சொல்தான். நிமிர்ந்தாள். வழிகாட்டியின் வெள்ளைச் சட்டை, அதில் அழகியநம்பி என்று பெயர் அட்டை, அதற்கும் மேலே இரண்டு கண்கள்... கோபப்பட வேண்டிய கண்கள் சிரித்துக்கொண்டிருந்தன. அங்கேதான் வம்பு பிறந்தது.

ஊர் ஊராகப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, திறந்தவெளியில் மறுபடி பொருத்தி வைத்திருக்கும் காட்சியகம் அது. ஷிஜா வேலை பார்க்கும் கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனியிலிருந்து பன்னிரண்டு பேர் சனிக்கிழமை சுற்றிப்பார்க்க வந்திருந்தார்கள். நம்பி மலையாளத்தில் விளக்கிக்கொண்டே போனான். தூண், உத்தரம், பலகை எல்லாவற்றுக்கும் நம்பர் போட்டுத்தான் பிரித்தார்களாம்.

"ஒரு நம்பர் மாறிப்போனா வீடு என்ன ஆவும்?" என்று தமிழில் முணுமுணுத்தாள் ஷிஜா.

"விழுந்துரும். நீங்க அந்தத் தூணுல சாயாதீங்க." பதிலும் தமிழில் வந்தது.

"நீங்க தமிழா?"

"குலசேகரம் பக்கமாக்கும்."

"நானும் அந்தப் பக்கந்தான்..."

இதற்கு ஏன் கன்னம் சூடாக வேண்டும்? நல்ல கூத்து என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மழை விட்டதும் நம்பி எல்லோரையும் முற்றத்துக்கு அழைத்துப் போனான். மண்ணில் வரிசையாகக் குழிகள். ஒவ்வொன்றிலும் வாழையிலை விரித்திருந்தது. அந்தக் காலத்தில் வயலில் வேலை செய்தவர்களுக்கு இந்தக் குழியில்தான் கஞ்சி ஊற்றுவார்களாம். வருகிறவர்களுக்கு இப்போது அது ஓர் அனுபவமாம். தோழி ரெம்யா முதல் ஆளாகக் குந்தி, "ஷிஜா, வா" என்று கூப்பிட்டுக்கொண்டே செல்ஃபி எடுத்தாள்.

"வாங்க மேடம். உங்களுக்குப் பயறு கூடுதல்," என்றான் நம்பி.

"நான் குடிக்க மாட்டேன்."

"சும்மா ஒரு தமாசுக்கு..."

"யாருக்குத் தமாசு? எங்க அப்பாவுக்க தாத்தா பசிக்காக இப்படிக் குடிச்சவரு. எனக்குப் பாத்திரத்துல வேணும். வீட்டுக்குள்ள இருந்துதான் குடிப்பேன்."

"உள்ள கயிறு கட்டியிருக்கு. யாருக்கும் அனுமதி இல்ல."

"அன்னைக்கும் அதத்தான் சொன்னாங்க."

சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது. ரெம்யா கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்... ம்ஹூம், ஷிஜா அசைந்தால்தானே.

பத்து நிமிடம் கழித்து நம்பி வந்தான். கயிற்றை அவிழ்த்தான். உள்ளறையில் பாய் விரித்து, வெண்கலக் கிண்ணத்தில் கஞ்சி வைத்து, "உள்ள வந்து இருங்க," என்றான். எதிரே அவனும் உட்கார்ந்தான். இப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தால் எப்படி விழுங்குவது? இரண்டு வாய்தான் இறங்கியது.

"ஒரு காரியம் சொல்லணும்... இது எங்க குடும்ப வீடாக்கும். அப்பாதான் காட்சியகத்துக்குக் குடுத்தாரு. அந்தக் காலத்துல குழியில ஊத்தினது எங்க ஆளுங்க."

கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அப்போதுதான் துளிர்த்த ஒன்றைக் கிள்ளிவிட்டதுபோல வலித்தது.

"இப்பவும் நீங்கதான ஊத்துறீங்க," என்றாள். எழுந்து போய்விட்டாள்.

போனாளே தவிர, வாரம் முழுக்க அவன் நினைப்புதான். திட்டினாள், உருகினாள், மறுபடி திட்டினாள். அடுத்த சனிக்கிழமை தனியாகவே பஸ் ஏறினாள். குழி அப்படியே இருந்தால் இனி அந்தத் திசையில் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

குழிகளை மண் போட்டு மூடியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் உள்ளே பாயில் உட்கார்ந்து, கிண்ணத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். முற்றத்தில் மலையாளத்திலும் தமிழிலும் புதுப் பலகை ஒன்று இருந்தது. 'இங்கே உழைத்தவர்களுக்கு வீட்டுக்குள் இடமில்லை. மண்குழியில்தான் கஞ்சி. அதைச் செய்தது என் குடும்பம். - அழகியநம்பி.'

பலகைக்குப் பக்கத்தில் அவன் நின்றிருந்தான்.

"மேனேஜர் எப்படிச் சம்மதிச்சாரு?"

"மூணு தடவ முடியாதுன்னாரு. நாலாவது தடவையும் போய் நின்னேன்."

"உங்க வீட்டுல?"

"அப்பா எங்கூடப் பேசல. பேசாட்டாலும் பலகைய எடுக்க மாட்டேன்." கொஞ்சம் தயங்கினான். "ஷிஜா... எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்க வீட்டுல வந்து கேக்கணும். நான் எந்த வீட்டு ஆளுன்னு தெரிஞ்சா உங்க அப்பா உள்ள விடுவாரா?"

"வாசல்ல நிறுத்தினா?"

"நிப்பேன்."

"எவ்வளவு நேரம்?"

"கூப்பிடுற வரைக்கும்."

அந்தக் கண்களில் இன்று சிரிப்பில்லை, பிடிவாதம் இருந்தது. பிடிவாதம் என்றால் என்னவென்று ஷிஜாவுக்கா தெரியாது? அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"தனியா நிக்காண்டாம்," என்றாள். "எனக்கும் உங்கள... பிடிச்சிருக்கு. வாரம் பூரா அதோட சண்டை போட்டுத் தோத்துட்டேன். நாளைக்கு சர்ச்சு முடிஞ்சு எல்லாரும் வீட்டுலதான் இருப்பாங்க. நானும் உங்ககூட வாரேன். வாசல்ல நிறுத்தினா ரெண்டுபேரும் நிப்போம். கூப்பிட்டா ரெண்டுபேரும் உள்ள போவோம்."