வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கேட்ட குரல்

முன் சீட்டிலிருந்து தன் குரலே கேட்டதும் சுபாஸ்ரீக்குத் தூக்கிவாரிப்போட்டது.

சின்னமனூரில் ஏறியவன்தான். மழையில் நனைந்த சட்டை... காதோரம் செல்போன். அதற்குள்ளிருந்து அவள்!

"மழை பெய்யும், வெயில் அடிக்கும்... மாத்திச் சொன்னா சிரிப்பீங்கல்ல? இங்கிலீஷ்லயும் எந்தச் சொல்லோட எந்தச் சொல் சேரும்னு இருக்கு..."

கல்லூரி மாணவிகளுக்காக அவள் பதிவு செய்த வீடியோ பாடம்; அதில் முகம் வராது, எழுத்தும் குரலும் மட்டும்தான். வீட்டிலேயே வீடியோவைப் பார்த்துவிட வேண்டும். வகுப்பில் பேச்சும் பயிற்சியும் மட்டும்தான். அந்த முறையைக் கல்லூரிக்குக் கொண்டுவந்ததே அவள்தான்.

"ஹலோ... இது உங்களுக்கு எப்படிக் கிடைச்சுச்சு?"

திரும்பினான். அம்மா... என்ன கண்கள்! மலையின் ஈரமெல்லாம் அதில்தான் தேங்கியிருந்தது.

"மேடம்... நீங்களா! நான் விஜய்ராஜ். மேகமலை எஸ்டேட்ல சூப்பர்வைசர். தங்கச்சி திரிஷா ஒங்க கிளாஸ்தான், அவதான் அனுப்புவா. அங்கன சிக்னல் கிடையாது. கீழ வரும்போது இறக்கி வச்சுக்குவேன். பதினாலு வீடியோவும் மனப்பாடம் மேடம்!"

அவளுக்குள் ஏதோ இனித்தது. அதோடு அவன் நிறுத்தியிருக்கலாம்...

"ஆனா பதினொன்னாவதுல 'டூ எ மிஸ்டேக்'னு சொல்லிட்டீக. மூணாவதுல நீங்கதான 'மேக் எ மிஸ்டேக்'னு சொல்லிக் குடுத்தீக?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுபாஸ்ரீக்கு முகம் சிவந்துபோனது.

"இது என் ஸ்டூடண்ட்ஸுக்குப் போட்டது. கண்டவங்க கேட்டுட்டுக் குத்தம் சொல்றதுக்கு இல்ல."

அவன் முகம் சட்டென்று சுருங்கியது. "மன்னிச்சிருங்க..." போனைப் பைக்குள் வைத்தான். வீரபாண்டியில் அவள் இறங்கும்வரை திரும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த வீடியோவைப் போட்டாள். அவன் சொன்னது சரி! நாற்பது மாணவிகள் கேட்டும் கண்டுபிடிக்காத தவறு... இத்தனை கவனமாகத் தன்னை இதுவரை யார் கேட்டிருக்கிறார்கள்? அன்றைக்கே மறுபடி பதிவு செய்தாள்.

அடுத்த வெள்ளி. அதே பஸ். சின்னமனூரில் எழுந்து எட்டிப் பார்த்தாள். அவன் ஏறவில்லை. அதற்கடுத்த வெள்ளியும்... ஜன்னலில் மழை வழிந்தது. வயல்களைத் தாண்டி மலை மேகத்துக்குள் ஒளிந்துகொண்டது. அங்கேதான் எங்கேயோ இருக்கிறான்...

திரிஷாவிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். 'மாணவியிடம் போய் உன் அண்ணன் எங்கேன்னா? கேக்கவே மாட்டேன்' என்றது வீம்பு.

நான்கு வெள்ளி போய்விட்டது. அந்த வாரம் வகுப்பில் 'மேக் எ டிசிஷன்' பயிற்சி. சொந்த வாழ்க்கையிலிருந்து சொல்ல வேண்டும். அண்ணன் ஒரு முடிவெடுத்துவிட்டான் என்று ஆங்கிலத்தில் தடுமாறி ஆரம்பித்த திரிஷா, தாங்கமாட்டாமல் தமிழுக்குத் தாவிவிட்டாள்.

"அப்பா இறந்ததும் கடைசி வருஷப் பரீட்சைய விட்டுட்டு எஸ்டேட்டுக்குப் போனாக மேம். மத்ததெல்லாம் பொறவு எழுதிட்டாக, இங்கிலீஷ் பேப்பர் ஒன்னுதான் பாக்கி. அடுத்த மாசம் எழுதறதா இருந்தாக... இப்ப படிப்பெல்லாம் நமக்கு வேணாங்கிறாக. வீடியோ எல்லாத்தையும் அழிச்சிட்டாக."

சுபாஸ்ரீயின் கையிலிருந்த சாக்பீஸ் உடைந்தது.

சனிக்கிழமை காலை மேகமலை பஸ்ஸில் இருந்தாள். குலுங்கிக் குலுங்கி ஏறி, எஸ்டேட் ஆபீஸ் வாசலில் போய் இறங்கியபோது கொட்டுகிற மழை. ஓடிவந்து குடை பிடித்தவன், முகத்தைப் பார்த்து நின்றுவிட்டான்.

"மேடம்... இங்கன எப்படி?"

"நீங்க சொன்னது சரி. தப்ப அன்னைக்கே திருத்திட்டேன். உங்களப் பேசுனதத்தான் திருத்தல... பரீட்சைய எழுதுங்க. ப்ளீஸ்."

"திரிஷாவோட டீச்சரா வந்து சொல்றீகளா?"

"இல்ல." தலையை ஆட்டினாள். "டீச்சரா இருந்தா அவகிட்டயே சொல்லி அனுப்பியிருப்பேன். நாலு வெள்ளிக்கிழமை... சின்னமனூர் வந்ததும் எழுந்து எழுந்து பாத்தேன். நீங்க ஏறல. அதத்தான் தாங்க முடியல..."

அவன் குடையை அவள் பக்கம் சாய்த்தான்.

"வேணும்னேதான் அடுத்த பஸ்ல போனேன்," என்றான் மெல்ல. "பாத்தா சொல்லிருவேனோன்னு பயம். ஒங்க முகம் தெரியறதுக்கு முன்னாடியே ஒங்கள எனக்குப் பிடிச்சுப்போச்சு... டிகிரி முடிக்காதவன் அத எந்த வாயால சொல்றது?"

அவளுக்குக் கண் நிறைந்தது.

"பரீட்சைய எழுதிட்டு... ஒங்க வீட்டுக்கு வந்து பேசவா?"

"முடிஞ்ச மறுநாளே வாங்க," என்றாள். "அதுக்கு மேல என்னால காத்திருக்க முடியாது..."